நாற்பத்தெட்டு அங்குலம்

மார்ச்சில் ஓர் அதிகாலை,
மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் சோப்பு வாசனை கையில் மிச்சமிருக்க
மின்கட்டண உறையின் பின்பக்கம் எழுதினேன்:
டிக்கெட் மூன்று.
கோரின் இலவசம்.

மூன்று வயது நிறையாதவர்கள்
அந்தப் பூங்காவின் கணக்கில் மனிதர்களே இல்லை.
அவளுக்கு நிறைவது செப்டம்பர் பத்தொன்பது.

எம்மெட்டின் கதை வேறு.
ஃப்ரிட்ஜ் கதவில் பென்சில் கோடு: நாற்பத்தேழேகால்.
ஏரிக்கு மேலே தலைகீழாகப் போகிற சிவப்பு ரயில்
நாற்பத்தெட்டுக்கு ஓர் இழை குறைந்தாலும் ஏற்றாது.
முந்தின வருடம் அளவுகோலின் கீழே நின்று
அழாமல் திரும்பி வந்தான்.
அழுதிருக்கலாம்.

ஆக,
ஒருத்திக்கு வயதாகும் முன் போக வேண்டும்,
ஒருத்தன் வளர்ந்த பின் போக வேண்டும்,
இரண்டுக்கும் இடையில்
விலை இறங்குகிற சனிக்கிழமை ஒன்று கிடைக்க வேண்டும்.

கிடைத்தது. செப்டம்பர் இரண்டாம் சனி.
தொழிலாளர் தின விடுமுறைக் கூட்டம் வடிந்துவிடும்,
டிக்கெட் ஏறக்குறையப் பாதி.
ஆனால் வண்டி நிறுத்த முப்பது டாலர்.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

"விடுதி வேண்டாம்" என்றான் டுவேன்,
டயர்க் கடையின் கறுப்பு நகங்களால்
உறையில் ஒரு வரியை அடித்தபடி.
அவன் அக்கா லொரெயினில் இருக்கிறாள்.
கூடத்தில் படுக்கலாம்.
அவள் நாய் என் முகத்தை நக்கும். நக்கட்டும்.

ஏப்ரலில் காபி டப்பாவில் நாற்பத்தொரு டாலர்.
மே மாதம் வேனின் பேட்டரி செத்தது,
டப்பாவில் ஆறு.

எம்மெட் தினமும் மாடிப்படிக் கம்பியில் தொங்கினான்.
பால் குடித்தால் வளரலாம் என்று வகுப்பில் யாரோ சொல்ல
வாரத்துக்கு ஒரு கேலன் இரண்டாயிற்று.
உறையில் புதிதாக ஒரு வரி சேர்த்தேன்:
'உயரம் - நான்கு டாலர்.'

ஜூலையில் நாற்பத்தேழரை.
ஆகஸ்டில் கோடு நகரவே இல்லை.
டுவேன் அட்டைப்பெட்டியை வெட்டி
ஷூவுக்குள் வைக்க இரண்டு அடுக்கு செய்தான்.
மறுநாள் காலை அவை மேசைமேல் இருந்தன,
அப்பாவின் காபிக் கோப்பைக்கு அடியில் ஒழுங்காக.

அந்தச் சனிக்கிழமை,
வேனில் பதினெட்டு வேர்க்கடலை வெண்ணெய் சாண்ட்விச்,
உறைய வைத்த தண்ணீர் பாட்டில்கள்,
எங்களோடு மன்ஸியிலிருந்து வந்த ஓர் ஈ.

வாசலில் இருந்த பெண் குனிந்து
"உனக்கு எத்தனை வயது, கண்ணு?" என்றாள்.
கோரின் இரண்டு விரல் காட்டினாள்.
யோசித்தாள்.
மூன்றாவது விரல் பாதி எழுந்தது.
அதை மெல்ல என் கைக்குள் எடுத்துக்கொண்டேன்.
பொய் இல்லை. இன்னும் ஆறு நாள் இருக்கிறது.

சிவப்பு ரயிலின் அளவுகோல்.
வெயிலில் மூக்கு உரிந்த ஒரு கல்லூரிப் பையன்
எம்மெட்டின் தலைமுடியை அழுத்திப் பார்த்தான்,
இன்னொரு முறை பார்த்தான்,
"சரி, போ" என்றான்.

ஐம்பது நிமிட வரிசை.
இரும்புக் கதவு திறந்து
காலியாய் வந்து நின்றது வண்டி.
எம்மெட் மேலே பார்த்தான்.
அங்கே எங்கேயோ முதுகு தெரியாத மனிதர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, அடுத்த வருஷம் ஏறட்டுமா?"

டுவேன் என்னைப் பார்த்தான்.
நான் அவனைப் பார்க்கவில்லை.
சேர்ந்து மூவரும் படியிறங்கினோம்,
பெஞ்சில் அத்தையோடு இருந்த கோரினைக் கூட்டிக்கொண்டு
குதிரை ராட்டினத்தில் நான்கு முறை சுற்றினோம்.
அவன் வெள்ளைக் குதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்,
முழு நாற்பத்தெட்டு அங்குலமும்.

திரும்பும் வழியில், பெட்ரோல் பங்க் வெளிச்சத்தில்
டப்பாவைக் கவிழ்த்தேன்: பதினொன்று அறுபது.
ரசீதின் பின்பக்கம் காலியாகத்தான் இருந்தது.

டிக்கெட் நான்கு, என்று எழுதினேன்.